எதிரெதிர் ஓட்டல் பன்

கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்த்தவளுக்கு வீட்டில் விழுந்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. வைத்தது நாத்தனார். சட்டையில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும், சுவரில் புதிதாக விரிசல் விட்டிருந்தாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும். பட்டதோடு விடமாட்டாள். ஏன், எப்படி, எப்போதிலிருந்து என்று நோண்டி எடுத்துவிடுவாள். அண்ணி பக்கத்தில் ரெண்டு நாள் இருந்தால் கல்லும் வாய் திறந்துவிடும் என்பது நாத்தனாரின் கட்சி.

அந்த வீட்டில் அப்போது ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. பன் தகராறு.

கடைத்தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு ஓட்டல்கள். ஒன்று, படியேறிப் போகவேண்டிய மாடி ஓட்டல். இன்னொன்று நீலக்கதவு போட்டது; எல்லாரும் அதை நீலக்கதவு என்றே சொல்வார்கள். இரண்டிலும் போய் உட்கார்ந்ததும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னாலேயே, துணி மூடிய சின்னக் கூடையில் சுடச்சுடப் பன் வந்துவிடும். உள்ளங்கைக்குள் அடங்குகிற பன். மாடி ஓட்டலில் அதன் தலையில் பூண்டும் வெண்ணெயும் தடவியிருப்பார்கள். நீலக்கதவில் தேன் தடவி எள் தூவியிருப்பார்கள். அதற்குப் பிறகு வருகிற சாப்பாடு சுமார்தான். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. பன்னைப் பற்றித்தான் பேசினார்கள்.

அவள் கணவர் மாடி ஓட்டல் கட்சி. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நாள் பூராவும் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிவிட்டு, சாயங்காலம் நாலு படி ஏறச் சொன்னாலே முனகுகிற மனுஷர், பூண்டு பன்னுக்கு மட்டும் வாயே திறக்காமல் ஏறுவார். நீச்சல் சொல்லிக்கொடுக்கும் நாத்தனாரோ நீலக்கதவு கட்சி. அண்ணனும் தங்கையும் இதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நீலக்கதவுப் பன் பல் முளைக்காத பிள்ளைகளுக்கானது என்பார் அவர். மாடி ஓட்டல் பன்னைத் தின்றுவிட்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டு காலியாகவே வரும் என்பாள் இவள்.

பூதக்கண்ணாடி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. இரண்டையும் சாப்பிட்டாள். அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், நீலக்கதவில், கையிலிருந்த பன்னைத் திருப்பிப் பார்த்தாள். அதன் அடியில் பிறை மாதிரி ஒரு வடு. நகம் பதிந்தது போல, ஆனால் அதைவிடக் கொஞ்சம் பெரிது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மனசு அரிக்க ஆரம்பித்தது. எங்கே என்று வீட்டுக்குப் போகும் வழியில் ஞாபகம் வந்தது. போன மாதம், எதிர்த்த மாடி ஓட்டலில்.

அடுத்த தடவை இரண்டு ஓட்டலிலிருந்தும் ஒவ்வொரு பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து இரண்டின் தலையையும் சீவி எறிந்தாள். மிச்சத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸால் பார்த்தாள். உள்ளே இருந்த சின்னச் சின்னத் துளைகள், ஓரத்தின் நிறம், அமுக்கினால் மெல்ல எழும்பி வருகிற விதம், எதிலும் வித்தியாசமில்லை. கண்ணை மூடிக்கொண்டு தின்று பார்த்தாள். எது எது என்று அவளுக்கே குழம்பிப்போனது.

இரண்டு ஓட்டல் பரிமாறுகிறவர்களிடமும் நைசாக விசாரித்தாள். எங்கள் அடுப்பில்தான் சுடுகிறோம் என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். சொன்ன மாதிரியே ஒரே மாதிரி வேறு பக்கம் பார்த்தார்கள். அதோடு அவள் தூக்கம் போயிற்று.

மறுநாளிலிருந்து மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவோடு மாடி ஓட்டலின் பின்சந்துக்குப் போய் நிற்க ஆரம்பித்தாள். குப்பைத்தொட்டிப் பூனைகள் எல்லாம் அவளுக்குப் பழக்கமாகிவிட்டன. ஒருநாள் ஒரு சின்ன வேன் வந்தது. மாடி ஓட்டலின் பின்வாசலில் சிவப்புத் துணி போர்த்திய தட்டுகள் இறங்கின. வேன் சந்திலிருந்து வெளியே போய், தெருமுனையில் ஓரங்கட்டியது. அவள் பின்னாலேயே நடந்தாள். டிரைவர் இறங்கி, மிச்சத் தட்டுகளின் சிவப்புத் துணியை உருவிவிட்டு வெள்ளைத் துணியைப் போர்த்தினார். பிறகு எதிர்ச்சந்தில் நுழைந்து நீலக்கதவின் பின்வாசலில் நின்றார்.

அவள் கடைக்கு ஓடினாள். டெலிவரி ஸ்கூட்டரின் சாவியை எடுத்தாள். முதலாளியிடம் ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடி கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வேனின் பின்னாலேயே போனாள்.

வேன் ஒரு சலவைக்கடையின் பின்பக்கம் போய் நின்றது. பெயர்ப்பலகை கிடையாது. பாதி இறக்கிய ஷட்டருக்குள்ளிருந்து சூடான ரொட்டி வாசனை வந்தது. குனிந்து உள்ளே போனாள். தலையில் துணி கட்டிய, தடித்த கைகள் உள்ள ஒரு பெண்மணி மாவு மேஜையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் கை நின்றது.

"யார் அனுப்பினாங்க? பெரியவனா, சின்னவனா?"

"யாரும் அனுப்பலைங்க. நானாத்தான் வந்தேன். பன்னுக்கு அடியில பிறை மாதிரி ஒரு வடு இருந்துச்சு. அது எப்படி வந்துச்சுன்னு தெரியலைன்னா எனக்குச் சோறு இறங்காது."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். சுவரோரம் அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றை உருவிக் காட்டினார். நடுவில் அடிபட்டுப் பிறைபோல் மேலே புடைத்திருந்தது. தூக்கிப்போட மனசில்லை என்றார்.

ரொட்டிக்கார அக்கா எல்லாவற்றையும் சொன்னார். மாடி ஓட்டல்காரரும் நீலக்கதவுக்காரரும் அவருடைய தம்பிகள்; முன்னவர் பெரியவர், பின்னவர் சின்னவர். ஒரு காலத்தில் மூன்று பேரும் ஒரே சமையல்கட்டில் வேலை பார்த்தவர்கள். ஏதோ சண்டையில் பிரிந்து எதிரெதிரே கடை போட்டார்கள். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவனுக்குப் பன் போனால் எனக்கு வேண்டாம் என்று ஆளுக்கு ஒருபக்கம் முறுக்கிக்கொண்டார்கள். அக்கா இரண்டு பேரிடமும், உனக்கு மட்டும்தான்டா தருகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டார். விஷயம் வெளியே தெரியாமல் இருக்க, சொந்த அடுப்பில் சுட்டது என்றே சொல்லிக்கொள்ள இருவரும் சம்மதித்தார்கள். தலையில் என்ன தடவுவது என்பது மட்டும் அவரவர் இஷ்டம்.

"ரெண்டு பேரும் மேஜையில வெக்கறது ஒரே மாவுன்னு எனக்குத் தெரியும். அவனுங்களுக்குத் தெரியாது. அதுலதான் எனக்கு ஒரு நிம்மதி. நீ கெடுத்துடாதே தாயே" என்றார்.

கெடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். சொல்வது சுலபமாக இருந்தது. வீட்டில் அண்ணனும் தங்கையும் பன்னுக்காக மல்லுக்கட்டும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்கு எழுந்து போனாள். என்ன அண்ணி, வயிறு சரியில்லையா என்று நாத்தனார் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தாள்.

நாத்தனாரின் பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை வந்தது. அன்று அவள் சொன்ன இடம்தான் என்பதால் மூன்று பேரும் பொழுது சாய்வதற்குள்ளேயே நீலக்கதவுக்குப் போனார்கள். உட்கார்ந்தார்கள். தண்ணீர் வந்தது. பன் வரவில்லை. கேட்டதற்கு, இன்று பன் இல்லை, மன்னிக்கணும் என்றார்கள். பக்கத்து மேஜைக்காரர் எழுந்தே போய்விட்டார். நாத்தனாரின் முகம் தொங்கிப்போக, அண்ணன் பெருந்தன்மையாக, வா, எதிர்க்கடையில் நிஜமான பன் வாங்கித் தருகிறேன் என்று கிளப்பினார்.

வெளியே வந்தால், எதிர்க்கடைப் படியிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்துகொண்டிருந்தது. அங்கேயும் பன் இல்லையாம். அவர்கள் நீலக்கதவுக்கு வர, இவர்கள் அங்கே போக, நடுத்தெருவில் எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பூதக்கண்ணாடி தெருமுனையைப் பார்த்தாள். வேனைக் காணோம். சனிக்கிழமை டிரைவருக்கு லீவு, தானே வண்டி ஓட்டி வருவதாக அக்கா அன்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். மாடி ஓட்டல் படியின் கடைசியில் பெரியவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நீலக்கதவு வாசலில் சின்னவரும் காதில் போனோடு நின்றிருந்தார். இரண்டு பேரும் போனை எடுத்துப் பார்ப்பதும் மறுபடி காதில் வைப்பதுமாக இருந்தார்கள். ஒருவர் தெருவின் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இழுத்தது. ஆனால் அங்கே அந்த மனுஷிக்கு என்ன ஆயிற்றோ. அவள் சின்னவரிடம் போனாள்.

"அக்காவுக்குத்தானே போன் போடறீங்க?"

அவர் திகைத்தார். "எந்த அக்கா?"

"உங்க அக்கா. அதோ, அவரும் அவங்களுக்குத்தான் போடறார். அதான் உங்களுக்கு லைன் பிஸின்னு வருது."

சின்னவர் தலையைத் தூக்கி எதிரே பார்த்தார். பெரியவரும் அந்த நேரம் பார்த்தார். அவள் பெரியவரையும் கையைக் காட்டி அழைத்து, நடுத்தெருவில் வைத்து இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். பெரியவர் முகம் கறுத்தது. அவனுக்கும் அங்கிருந்துதான் போகுதா என்று ஆரம்பித்தார்.

"அதை அப்புறம் பேசிக்குங்க. இவ்வளவு நேரமா அவங்க எடுக்கலை" என்றாள் அவள்.

சின்னவர் முன்னால் ஓடினார். பெரியவர் ஏப்ரனோடு மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார். அவள் கணவரும் நாத்தனாரும் ஒன்றும் புரியாமல் அவள் பின்னாலேயே வந்தார்கள்.

அக்கா மாவு மேஜைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். மூட்டையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு விழுந்தவர், அசைய முடியாமல் மதியத்திலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறார். அலமாரி மேல்தட்டில் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டு. முதலுதவி தெரிந்த நாத்தனார் சட்டென்று மண்டியிட்டாள். தூக்காதீங்க என்று எல்லாரையும் அதட்டி, கால் விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்தாள். கணவர் டாக்டருக்குப் போன் போட்டார்.

அக்கா தம்பிகளை மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒண்ணாவா வந்தீங்க?" என்றார். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள, அவர் குரல் பழையபடி ஏறியது. "அழுகையெல்லாம் அப்புறம். மாவு பொங்கி வழியுது பாருங்கடா."

நிஜமாகவே தொட்டியிலிருந்த மாவு விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. தம்பிகள் கையைக் கழுவிக்கொண்டு மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். மாவை அமுக்கினார்கள், கிள்ளினார்கள், உருட்டினார்கள். பூதக்கண்ணாடி பார்த்துக்கொண்டே இருந்தாள். உருண்டையின் ஓரத்தைச் சுண்டுவிரலால் அடியில் தள்ளிவிடும் அந்தச் சின்ன அசைவு, இரண்டு பேருக்கும் ஒன்றேதான்.

உருட்டியதைத் தட்டில் அடுக்கிக்கொண்டே பெரியவர் தம்பியிடம் கேட்டார்.

"அடுப்பு போட்டியா?"

"போட்டுட்டேன்ணே."

டாக்டர் வந்து பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான், கொஞ்ச காலம் குனிந்து நிமிரக்கூடாது என்றார். அதற்குள் பன் வெந்துவிட்டது. பூண்டும் இல்லை, தேனும் இல்லை. எல்லாரும் நின்றபடியே பிய்த்துத் தின்றார்கள். கணவர் ஒன்றுக்கு மூன்றாகத் தின்றுவிட்டு, பூண்டு மட்டும் இருந்திருந்தால் என்றார். வேண்டாம், தேன்தான் குறை என்றாள் நாத்தனார்.

ஓட்டல்கள் ஒன்றாகிவிடவில்லை. அது நடக்கவும் நடக்காது என்று அக்காவே சொன்னார். ஆனால் அவர் இடுப்பு தேறும்வரை தம்பிகள் முறைபோட்டுக்கொண்டு ரொட்டிக்கூடத்துக்கு வந்தார்கள். தேறிய பிறகும் வந்தார்கள். பேச்சு அடுப்பைப் பற்றியும் மாவைப் பற்றியும் மட்டும்தான். வேனில் இப்போது துணி மாற்றுவதில்லை.

பூதக்கண்ணாடி மதிய இடைவேளையில் அங்கே போய் உட்கார்ந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. அந்தச் சண்டை எதனால் வந்தது என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. பெரியவரைக் கேட்டபோது, தம்பி தன்னைக் கேட்காமல் சமையல்கட்டு ஜன்னலை அடைத்துவிட்டான் என்றார். சின்னவரோ, அண்ணன் அடைத்த ஜன்னலைத் தான் திறந்ததால் வந்த வினை என்றார். அக்காவிடம் போய்க் கேட்டாள். அவர் மாவைப் பிசைந்துகொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"ஜன்னலா? அந்தச் சமையல்கட்டுல ஜன்னலே கிடையாதேம்மா" என்றார்.