கோழிக்கால் வைத்த பறவை

கால். இதற்குக் கால் இருக்கிறது. ஒன்றில்லை, இரண்டு. விரல் விரலாக, நகம் நகமாக யாரோ உட்கார்ந்து பொறுமையாக வரைந்திருக்கிறான். அவன் கை உடைய. இல்லை, அவன் கை எதற்கு உடைய வேண்டும்? வரையச் சொன்ன வாய் ஒன்று இருக்குமே, அது என்ன ஆக வேண்டும்? இப்போது நான் கத்தினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். கத்த மாட்டேன். முதலில் இதைக் கீழே வைக்கிறேன். கை தவறிக் கண்ணாடி உடைந்தால் அந்தப் பழியும் என் தலையில்தான் விடியும்.

அவள் படச் சட்டத்தைச் சாப்பாட்டு மேசையின்மேல் வைத்தாள். எதிரே அவள் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாராட்டு வரும் திசையைப் பார்த்தபடி நின்றிருந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் எச்.எம்.; உறவுக்காரர்களுக்கும் எச்.எம்.தான். கல்யாணப் பத்திரிகை வந்தால் கல்யாணத்துக்குப் போகிறாரோ இல்லையோ, பத்திரிகையில் பிழை திருத்தாமல் இருக்கமாட்டார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"யார் வரைஞ்சா?"

"நம்ம பிரேம் கடைக்காரர்தான். கை சுத்தம் பாத்தியா? புதுசா வரைஞ்சதுன்னே தெரியல."

"எதுக்கு?"

"இதென்ன கேள்வி? நாளைக்கு நூலகத்துல உன் படக் கண்காட்சிய ஊரே வந்து பாக்கப் போகுது. ஹால் நடுவுல மாட்டற படம். பறவைக்குக் காலே இல்லன்னா சிரிக்க மாட்டாங்களா? வரைஞ்சவன் மறந்து தொலைச்சிருக்கான். இத்தனை காலமா ஒருத்தன் கண்ணுலயும் படல. நான் திருத்திட்டேன்."

மறந்துவிட்டானாம். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அவள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவளாக வேலை பார்த்தவள். பகலெல்லாம் மனிதர்களின் எலும்பைப் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்தில் பழைய படங்களைத் தேடுவாள். செம்புத் தகட்டில் செதுக்கி, அச்சிட்டு, பிறகு கையால் வண்ணம் தீட்டிய படங்கள். அதிலும் எல்லாம் இல்லை. பறவையையோ விலங்கையோ ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காதவர்கள் வரைந்தவை மட்டும். கப்பலில் வந்து இறங்கிய ஒரு தோல், மாலுமி ஒருவன் அளந்துவிட்ட கதை, இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் உட்கார்ந்து வரைந்தவர்கள். மரத்தில் தலைகீழாகத் தொங்கியே காலத்தை ஓட்டும் ஒரு விலங்கு, அவளிடம் இருந்த படத்தில் காவல் நாய்போல நாலு காலில் விறைத்து நிற்கும். தந்தம் முளைத்த கடல் விலங்கு ஒன்று, பஞ்சை அளவில்லாமல் திணித்த தலையணையாக, உடம்பில் ஒரு சுருக்கமில்லாமல் கிடக்கும். சிங்கம் ஒன்று உண்டு. அதற்கு வரைந்தவனின் மாமனார் முகமாகத்தான் இருக்க வேண்டும், அத்தனை கடுகடுப்பு.

இவற்றின் நடுவே இந்தச் சொர்க்கப் பறவை. பழைய புத்தகக் கடை ஒன்றில், கிழிந்த நிலப்படங்களுக்கு அடியில் அவள் இதைக் கண்டெடுத்தபோது முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. நீண்ட வால் இறகுகள் காற்றில் பிரிந்து பறக்க, வயிற்றுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல், வெறும் வெளியில் மிதந்தது அது. தீவுகளில் அதைப் பிடித்தவர்கள், தோலைப் பக்குவப்படுத்தும்போது காலை வெட்டி எறிந்துவிட்டுத்தான் விற்றார்கள். கால் இல்லாத தோல்கள் கடல் தாண்டிப் போயின. வாங்கிப் பார்த்தவர்கள் வெட்டியிருப்பார்கள் என்று நினைக்கவில்லை. இந்தப் பறவைக்குக் காலே கிடையாது, இது தரையில் இறங்குவதே இல்லை, பறந்துகொண்டே உண்டு, பறந்துகொண்டே உறங்கி, சாகும்போது மட்டும்தான் மண்ணைத் தொடுகிறது என்று நம்பினார்கள். நம்பியதை வரைந்தார்கள்.

இதையெல்லாம் அவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். படத்தை வாங்கி வந்த அன்றே, காபி ஆறிப்போக, மூச்சு வாங்கச் சொன்னாள். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் 'ம்' கொட்டினார். கதையில் எந்த இடத்தில் 'ம்' வர வேண்டுமோ அந்த இடத்தில் சரியாக வந்தது. அதனால் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

அவள் எழுந்துபோய்க் கத்தி எடுத்து வந்து சட்டத்தின் பின்புற ஒட்டுத்தாளைக் கிழித்தாள்.

"ஏய், ஏன் பிரிக்கறே? நாளைக்கு மாட்டணும்!"

அவள் படத்தை ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். மருத்துவமனையில் கழித்துக்கட்டிய எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. படத்தை அதன்மேல் வைத்து விளக்கைப் போட்டாள். பழைய கோடுகள் மங்கிய பழுப்பில், தாளுக்குள்ளேயே பிறந்தவைபோல் அமிழ்ந்து கிடந்தன. ஓரங்களில் தேமல் போலப் பழுப்புப் புள்ளிகள். தகட்டின் விளிம்பு அழுத்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டது. எல்லாம் அவளுக்குத் தெரிந்த இடங்கள். அவற்றின் நடுவே அந்தக் கால்கள் மட்டும், எறும்புச் சாரை ஏறியதுபோல், கறுப்பாக, தாளின் மேலே நின்றன.

மறுநாள் கடை திறக்கும்போதே அவள் பிரேம் கடை வாசலில் நின்றாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லானார்.

"வாங்க மேடம்! சார் சொன்னாரா? கால் எப்படி?"

"எதப் பாத்து வரைஞ்சீங்க?"

"உண்மையச் சொல்லிடறேன். வீட்டுல கோழி இருக்கு. அதப் பிடிச்சு வெச்சுத்தான். அது லேசுல நிக்கல மேடம், என் சம்சாரம் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா. சார்தான் 'நல்லா ஊனி நிக்கற மாதிரி இருக்கணும்'னாரு."

சொர்க்கப் பறவைக்குக் கோழிக்கால். அவளுக்கு ஒரு கணம் சிரிப்புகூட வந்தது. வந்த சிரிப்பு கோபத்தை இன்னும் ஊதிவிட்டுப் போனது.

"இத எடுக்க முடியுமா?"

"எடுக்கறதா? தண்ணியில முக்கி எடுத்தாலும் போகாது மேடம். கியாரண்டி." பெருமையாகச் சொன்னவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "சுரண்டினா தாள் கிழிஞ்சிரும். ஏன் மேடம், தப்புப் பண்ணிட்டனா? உங்களுக்குத் தெரிஞ்சுதான்னு சார் சொன்னாரே."

"எனக்குத் தெரியாது" என்றாள். அவரைத் திட்டத் தோன்றவில்லை. அம்பை நொந்து என்ன ஆகப்போகிறது.

வழியெல்லாம் அவள் நடையில் கோபம் இருந்தது; செருப்பு தரையை அறைந்துகொண்டே வந்தது. ஒரு தாளுக்காகவா இவ்வளவு என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். போன வருஷம் அவளுடைய நகையை அவர் பாட்டுக்கு அடகு வைத்தபோதுகூட இப்படி எரியவில்லை. இது ஏன் எரிகிறது? திரும்பத் திரும்ப ஓர் இடத்தில்தான் மனம் போய் முட்டியது. கால் இல்லாதபோது, யாரோ வெட்டினான் என்பது அந்தப் படத்தில் இருந்தது. தேடினால் கண்டுபிடிக்கலாம். இப்போது கால் இருக்கிறது. வெட்டவே இல்லை என்றாகிவிட்டது.

கல்யாணமான சில வருஷங்களில், ஸ்கேன் எடுக்கும் படிப்புக்கு அவளை வேறொரு நகரத்துக்கு அனுப்ப மருத்துவமனை தேர்ந்தெடுத்தது. அவள் பெட்டிகூட வாங்கிவிட்டாள். அன்று வீட்டில் உறவினர் கூடியிருந்தார்கள். யாரோ பேச்சை எடுத்தார்கள். அவர் தட்டிலிருந்து நிமிராமல் சொன்னார்: "அவளுக்கே இஷ்டமில்ல. வேணும்னா கேட்டுப் பாருங்க." எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கையில் பரிமாறும் கரண்டி இருந்தது. "ஆமா" என்றாள். அவ்வளவுதான். பிறகு அதுவே கதையாகிவிட்டது. வீட்டை விட்டுப் போகப் பிடிக்காத பெண் என்று. அவளே பல வருஷம் அதை நம்பியிருக்கிறாள். 'கேட்டுப் பாருங்க' என்று அவர் சொல்வதும், 'ஆமா' என்று இவள் சொல்வதும் கூட்டங்களில், கல்யாண வீடுகளில், பள்ளி விழாக்களில் நடந்துகொண்டே இருந்தது. அலுவலகத்தில் முத்திரை குத்தவென்று ஒரு ஆள் இருப்பதுபோல.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுடைய நாத்தனார் கூடத்தில் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கண்காட்சிக்காகவே வந்திருந்தாள். "அண்ணி, எங்க போனீங்க? அண்ணன் தலைகால் புரியாம குதிச்சுட்டு இருக்காரு."

எச்.எம். கையில் போனோடு வந்தார். "பேராசிரியர் பேசினாரு. விலங்கியல் பேராசிரியர், நம்ம சிறப்பு விருந்தினர். நேத்து நூலகக் குழுவுக்கு அந்தப் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன்ல? பாத்துட்டு ஆடிப்போயிட்டாரு. அந்தக் காலத்துல எல்லாரும் கால் இல்லாமத்தான் வரைஞ்சாங்களாம். அப்பவே காலோட ஒருத்தன் வரைஞ்சிருக்கான்னா, அவனுக்கு உண்மை தெரிஞ்சிருக்குன்னு அர்த்தமாம். கட்டுரை எழுதப் போறாராம்!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது..." அவர் போனைத் துடைத்தார். "வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"பேச்சு வேகத்துல வந்துருச்சு. இப்ப மாத்திப் பேசினா நல்லாவா இருக்கும்? ஆயிரம் பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லாதேன்னு பாடம் நடத்தினவன். வாங்கினது நீதானே, அதனால உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னாரு. நீ ஆமான்னு சொல்லிடு. முடிஞ்சுது."

"கோழியப் பாத்து வரைஞ்ச கால் அது. அத வெச்சு ஒரு மனுஷன் கட்டுரை எழுதப் போறாரு."

"எழுதட்டுமே! யாருக்கு நஷ்டம்? உனக்குத்தான் பேரு. இந்தக் கண்காட்சிய யாருக்காகப் பண்றேன்? நாயா அலைஞ்சு ஹால் பிடிச்சது யாருக்காக?"

அது பொய்யில்லை. அலைந்தார். அவளுக்காகத்தான் அலைந்தார். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. கெட்டவராக இருந்துவிட்டால் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் கிடைத்திருக்கும்.

"ஒரே ஒரு 'ஆமா' தானே அண்ணி" என்றாள் நாத்தனார், மடிப்பை நீவிக்கொண்டே. "சொன்னா வாய் வெந்தா போயிடும்? அண்ணன் மானம் போகாம இருந்தா சரி."

"என் வாய் வெந்து ரொம்ப நாளாச்சு" என்றாள் அவள். நாத்தனார் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள்.

நூலக ஹாலில் விளக்குகள் எல்லாம் எரிந்தன. மாமனார் முகச் சிங்கத்தின் முன்னால் நின்று இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலையணை உடம்புக் கடல் விலங்கைப் பார்த்து ஒரு பெண், "இது எங்க மாடிவீட்டு அம்மா மாதிரியே இருக்கு, மெதுவா சொல்றேன்" என்றாள். மற்ற நாளாக இருந்தால் அவள் அந்த வார்த்தைகளை அள்ளி மடியில் கட்டிக்கொண்டிருப்பாள். இன்று ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. நடுச்சுவரில், மறுபடி ஒட்டி மாட்டிய சட்டத்துக்குள், அது கோழிக்காலை ஊன்றி நின்றது. ஊன்றுவதற்குக் கீழே தரை இல்லை. தரை வரையச் சொல்ல அவர் மறந்துவிட்டார்.

பேராசிரியர் வந்ததும் நேராக அதனிடம்தான் போனார். மெலிந்த மனிதர். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணாடிக்கு நெருங்கி வைத்துப் பார்த்தார். ஆசையில் அவருக்குக் காது மடல்கள் சிவந்திருந்தன. அந்த ஆசை அவளுக்குத் தெரியும். கிழிந்த நிலப்படங்களுக்கு அடியில் கை விட்டுத் தேடியபோது அவளுக்கும் அப்படித்தான் சிவந்திருக்கும்.

"மேடம்," என்று திரும்பினார். "சார் போன்ல சொன்னாரு. இருந்தாலும் வாங்கினவங்க வாயால கேட்டுக்கணும். நீங்க வாங்கும்போதே இந்தக் கால் இருந்துதா?"

"கேட்டுப் பாருங்க" என்றார் எச்.எம்., உரக்கச் சிரித்து. "இவளையே கேட்டுப் பாருங்க!"

நாத்தனாரின் விரல்கள் பின்னாலிருந்து அவள் முழங்கையை அழுத்தின. எச்.எம்.மின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அதற்கு மேலே கண்கள் மட்டும் கெஞ்சின. இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. பாவமாகக்கூட இருந்தது. 'ஆமா' தானாகவே கிளம்பி நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. இருட்டில் பழகிய சுவிட்சுக்குக் கை போவதுபோல. அவள் அதை விழுங்கினாள். விழுங்குவது எளிதாக இல்லை.

நேற்றிலிருந்து அவளை ஆட்டிய பதற்றம் இப்போது எங்கோ போயிருந்தது. கோபம் போகவில்லை. அது அமைதியாக அவளோடு நின்றது.

"அத என்னால சொல்ல முடியாது சார்" என்றாள், பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும் குரலில். "நான் வாங்கும்போது இதுக்குக் கால் இல்ல."