மரியாதையாக எழுதிய மனு

எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் இருக்கும் அந்த முப்பது வீடுகளில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, தெருவிளக்கு போட, எல்லாவற்றுக்கும் என் கையெழுத்துதான். ஷீலா எழுதினால் ஆபீசரே எழுந்து நிற்பான் என்று அப்பா பீற்றிக்கொள்வார். அந்தத் திமிரில்தான் கன்னியம்மா அக்காவின் புகாரையும் எழுதினேன்.

அக்காவுக்கு மேடவாக்கத்தில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்துகொண்டிருந்த என்னை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“மாப்பு எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அந்த சூப்பர்வைசர் கிரீஷு பின்னாலயே வந்து கதவ சாத்திகினான். மாரப் புடிச்சி...”

“புரியுதுக்கா. எப்படிப் போடணுமோ நான் போட்டுக்கறேன்.”

அவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். அவளுடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். பொய். எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

‘மேற்படி மேற்பார்வையாளர் என்னிடம் அநாகரிகமாக நடந்துகொண்டார் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ படித்துக் காட்டினேன். இது போதுமா என்று கேட்டாள். இதற்கு மேல் எழுதினால் அசிங்கம் என்றேன்.

கம்பெனியில் விசாரணைக் கமிட்டி வைத்தார்கள். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். தலைவி திரிபுரசுந்தரி மேடம். கிரீஷிடம் ஏற்கெனவே விசாரித்துவிட்டார்களாம். லேட்டாக வந்தாள், கத்திவிட்டேன், அநாகரிகம்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தான். நான் போட்ட வார்த்தையையே எடுத்துப் போர்த்திக்கொண்டுவிட்டான்.

வேறு ஏதாவது நடந்ததா, பார்த்தவர்கள் உண்டா என்று மேடம் கேட்டார். எதிரில் நாலு பேர், பிஸ்கட் தட்டு, ஏசி. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அசிங்கம் என்று சொன்னவள் நான்தானே.

“மனுல இருக்கறதுதாம்மா,” என்றாள்.

ஊழியர்களிடம் கனிவாகப் பேசும்படி கிரீஷுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். அக்காவைப் பள்ளிக்கரணையில் இருக்கும் இன்னொரு ஆபீசுக்கு மாற்றினார்கள். இப்போது அவள் இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

ஒரு வாரம் மேடத்தைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம் மேல்முறையீடு செய்யலாம் என்று தெரிந்துகொண்டு, வெள்ளைத்தாளோடு அக்கா வீட்டுக்குப் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

“இன்னா, இன்னும் மரியாதையா எழுதப் போறியா?”

எதிரில் தரையில் உட்கார்ந்தேன். நீ சொல்லு, அப்படியே எழுதுகிறேன் என்றேன். கையிலிருந்த மீனின் செதிலைத் தேய்த்து முடித்தாள். பிறகு சொன்னாள். எங்கே பிடித்தான், எந்தக் கையால் வாயைப் பொத்தினான், என்ன சொன்னான், எல்லாம். நான் எழுதிக்கொண்டே போனேன்.

“கைய கடிச்சிட்டு கத்துனேன். வெளிய எலக்ட்ரீசியன் பாலு லைட்டு மாட்டிகினு இருந்தான். அவன் கதவத் தட்டுனப்புறம்தான் இவன் வுட்டான்.”

பேனா நின்றது. சாட்சி இருந்திருக்கிறான்.

“இத ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?”

“நீ எங்க சொல்ல வுட்ட?”

பாலு போன வாரமே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டானாம். எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. போன் நம்பரும் இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். படிக்கச் சொன்னாள். முதல் இரண்டு வரி நன்றாகத்தான் வந்தது. மூன்றாவதில் குரல் தானாக இறங்கியது. வாசலில் ஆட்கள் நடமாட்டம் இருந்தது.

“சத்தமாப் படி. நாளைக்கு நாலு பேரு முன்னால நான் சொல்லியாகணும். உனக்குப் படிக்கவே கூசுதா?”

முதல் வரியிலிருந்து திரும்பப் படித்தேன்.