சவுக்குத் தோப்பின் உயரம்

அன்று ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும் நாள். தென்றலோ குளித்துவிட்டு வந்து நேராக லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாடி இது, இன்னைக்குமா?” என்றாள் அம்மா பழனியம்மா.

“ஒரே ஒரு மேப்மா. நாளைக்கு அனுப்பணும்.”

அந்தமான் பக்கம் கடலுக்கு அடியில், பூமியின் ஒரு தட்டு இன்னொன்றுக்குக் கீழே நுழைகிற இடம் இருக்கிறது. அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தால் தமிழ்நாட்டுக் கரையில் எந்த ஊருக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணக்குப் போடுவதுதான் பெங்களூரில் அவளுக்கு வேலை. கடல் மட்டத்துக்கு எண்ணூறு மீட்டருக்கும் மேலே இருக்கும் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து ரயிலேறிப் போய் ஒருத்தி சுனாமிக் கணக்குப் போடுவது சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. “இன்னாம்மா, இன்னைக்கு அலை வருமா, துணி காயப் போடலாமா?” என்பார் எதிர்வீட்டு பர்னபாஸ்.

பத்து மணி வாக்கில் வேந்தனும் அவன் அம்மா நளினியும் வந்தார்கள். வேந்தனுக்கு ஓசூரில் வேலை. சொந்த ஊர் கடலூருக்குத் தெற்கே, கடற்கரையோரம். இரண்டும் பௌத்தக் குடும்பங்கள். பெண்ணை உள்ளே உட்கார வைத்துக் கூப்பிடும் வழக்கம் தென்றலின் அப்பா பெரியசாமிக்குப் பிடிக்காது. எல்லோரும் கூடத்திலேயே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

“புதுசா வீடு கட்டியிருக்கோம். தோப்பைத் தாண்டினா கடல். அலைச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கலாம்,” என்றாள் நளினி.

“எங்க பொண்ணு அந்தக் கடலைத்தான் படிக்கிறா,” என்றார் பெரியசாமி, விட்டுக்கொடுக்காமல்.

“அப்ப எங்க வீட்டைப் பாத்துச் சொல்லேம்மா.”

தென்றல் லேப்டாப்பைத் திருப்பினாள். “கீழ்த்தட்டு நுழையும்போது மேல்தட்டோட ஓரத்தையும் இழுத்துக்கிட்டுப் போகும். அது வளைஞ்சு வளைஞ்சு, ஒருநாள் வெடுக்குனு நிமிரும். மேல இருக்கிற கடலையும் சேர்த்துத் தூக்கிவிடும். அதுதான் சுனாமி.”

“போன தடவை எங்க தோப்போரம் வந்து நின்னுடுச்சே?”

“அதே மாதிரிதான் வரும்னு சொல்ல முடியாதுங்க. எந்தப் பக்கம் உடையும், எவ்வளவு தூரம் உடையும், யாருக்குத் தெரியும்? அதான் கம்ப்யூட்டர்ல பல விதமா உடைச்சுப் பாக்கிறோம்.”

வீடு இருக்கும் இடம் வரைபடத்தில் பச்சையாக இருந்தது. தண்ணீர் வராது. நளினி மகிழ்ந்துபோய் ஒரு மைசூர்பாகை எடுத்துக் கடித்தாள்.

வேந்தன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “வீட்டுக்கு முன்னாடி என்னங்க இது, மேடா?”

“ஆமா. எட்டு மீட்டர். அது தண்ணியத் தடுத்துடுது.”

“அங்க மேடே கிடையாதுங்க. சவுக்குத் தோப்புதான் இருக்கு. சின்ன வயசுல அதுக்குள்ள சைக்கிள் விட்டிருக்கேன். எல்லாம் சமதரை.”

தென்றல் திரைக்கு அருகே குனிந்து அந்த மேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நேரில் அளக்காத இடங்களுக்குச் செயற்கைக்கோள் தரும் உயரத்தைத்தான் எடுத்திருந்தார்கள். அது அடர்ந்த மரத்தின் உச்சியையே தரையென்று காட்டிவிடும். மரங்களையெல்லாம் கழித்தாயிற்று என்று நினைத்திருந்தாள். இந்தத் தோப்பு தப்பிவிட்டிருக்கிறது.

“நீ ஏன்டா வாயத் தொறக்கிற?” என்று மகனின் தொடையைக் கிள்ளினாள் நளினி. “பச்சையாத்தானே இருந்துச்சு!”

அந்தத் துண்டுக்கு மட்டும் தரையைத் தாழ்த்தி, கணக்கை மறுபடி ஓடவிட்டாள் தென்றல். அது ஓடி முடிப்பதற்குள் கறிக்குழம்பும் சோறும் பரிமாறி ஆனது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் வீட்டின் மேல் நீலம். மோசமான நிலநடுக்கமாக இருந்தால் கூடத்தில் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும்.

நளினியின் முகம் சிவந்தது. “உங்க ஊருக்குக் கீழ பூரா சுரங்கம் தோண்டி ஓட்டையா கிடக்குதாம். நீ எங்க வீட்டைச் சொல்றியா?”

பெரியசாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நியாயம்தான் சம்பந்தி!” அந்தச் ‘சம்பந்தி’யைக் கேட்டதும் நளினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தென்றல் பின்கட்டுக்குப் போய், வேலையிடத்தில் தன் குழுத் தலைவியான பவ்யாவுக்கு போன் போட்டாள்.

“ஏனாயித்து தென்றல், என்ன ஆச்சு, சண்டேல?”

“நாளைக்கு மேப் போகக் கூடாது பவ்யா. மரத்தைத் தரைன்னு எடுத்திருக்கோம்.”

பவ்யா நீளமாக மூச்சு விட்டாள். பிறகு, “சரி, எல்லாத் தோப்பையும் பாத்துடலாம்,” என்றாள்.

உள்ளே திரும்புகையில் வேந்தன் வாசற்படியில் நின்றிருந்தான். “வீட்டைக் குறை சொல்லிட்டேன்னு கோபமா?” என்று கேட்டாள்.

“நான்தானே சொன்னேன்? தண்ணி வந்தா மாடிக்கு ஏறிக்கலாம். படிதான் இல்லை, கட்டிட்டாப் போச்சு.”

சும்மா இருந்திருந்தால் அவனுக்கு நல்ல பெயர், வீட்டுக்கும் நல்ல பெயர். அவன் சும்மா இருக்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கரையில் இன்னும் இரண்டு தோப்புகள் மேடாகிக் கிடந்தன. எல்லாவற்றையும் நேரில் அளந்து திருத்தி, மாத முடிவில்தான் வரைபடம் போனது.

அதற்குள் ஒருநாள் மாலை, வேலை முடிந்து தென்றல் வீடு திரும்பிய ரயில் பங்காருபேட்டை தாண்டும்போது நளினியின் போன் வந்தது.

“கொத்தனார் வந்திருக்காரும்மா. மாடிப்படிய வெளிப்பக்கமா வைக்கச் சொல்லிட்டேன், தெருக்காரங்களும் ஏறணும்ல? அகலம் எவ்வளவு விடலாம்?”

“குழந்தையத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல ஏறுற மாதிரி விடுங்க, அத்தே,” என்றாள் தென்றல்.