ஹீலியம் எங்கிருந்து வருது?

எனக்குக் கோபம் சட்டுனு வரும். இதை நானே முதல்ல சொல்லிடறேன். நான் சொல்லலைன்னா என் நாத்தனார் சொல்லுவா, அவ சொன்னா கண்ணு மூக்கு வச்சுச் சொல்லுவா.

அன்னைக்குக் காலையில கோபத்துக்குக் காரணம் ஒரு பலூன். நாத்தனாருக்கு விழாக்களுக்கு அலங்காரம் பண்ற தொழில். எங்க வீட்டு மாடியிலதான் குடியிருக்கா. நான் அவசர அவசரமா செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கும்போது வந்து வழியை மறிச்சுக்கிட்டு நின்னா.

"அண்ணி, ஒரு சந்தேகம். கேஸ் பலூனுக்கு முடிச்சு எவ்வளவு இறுக்கிப் போட்டாலும் மறுநாள் காலையில தொங்கிப் போயிடுதே, ஏன்? மத்தியானம் அடிச்சா சாயந்திரம் வரைக்கும் தாங்குமா?"

"தாங்கும். ஹீலியம் அணு ரொம்பப் பொடிசு. அதுக்கு ரப்பர் சுவரே இல்லை, சல்லடை. முடிச்சு வழியாப் போகலை, பலூன் உடம்பு வழியாவே போகுது. இதைக் கேக்க உனக்கு இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா?"

"தெரிஞ்சவங்களைத்தானே அண்ணி கேக்க முடியும்?"

அவளுக்குப் பின்னாடி என் வீட்டுக்காரர் நின்னு சட்டைப் பட்டனை என்னமோ வைரம் பதிக்கிற மாதிரி பார்த்துப் பார்த்துப் போட்டுக்கிட்டு இருந்தார். அப்பவே எனக்கு மூக்குல வேர்த்திருக்கணும். வேர்க்கலை, ஏன்னா என் தலை அங்கே இல்லை.

என் தலை எங்க ஆய்வுக்கூடத்துல, ஒரு எஃகுக் கலத்துக்குள்ள இருந்துச்சு. நான் பண்ற ஆராய்ச்சி கேக்கறதுக்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு. கனமான பொருளையும் லேசான பொருளையும் ஒண்ணா விட்டா, காத்து தடுக்காத வரைக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் கீழே வரும். பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் கொடுத்துடறாங்க. அணுவுக்கும் அது அப்படியே பொருந்துதான்னு பார்க்கறதுதான் என் வேலை. ரெண்டு வகை அணு, ஒண்ணு கொஞ்சம் கனம், இன்னொண்ணு லேசு. லேசர் ஒளியால ரெண்டையும் குளிர வச்சு, ஆட்டம் போடாம அடக்கி, ஒரே நொடியில கீழே விடணும். விழற வழியில ஒவ்வொரு அணுவும் அலை மாதிரி நடந்துக்கும். அதை ஒளியாலயே ரெண்டு பாதையாப் பிரிச்சு மறுபடி சேர்த்தா, மேடும் பள்ளமுமா ஒரு கோடு கிடைக்கும். பூமி அதை எவ்வளவு பலமா இழுக்குதுன்னு அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்லிடலாம்.

இதுக்குக் கலத்துக்குள்ள எதுவுமே இருக்கக் கூடாது. காத்தை முழுக்க உறிஞ்சி எடுத்திருக்கணும். வழிதவறி வந்த ஒரு வாயு அணு என் அணுவை இடிச்சாலும் போச்சு, கோடு கலைஞ்சுடும்.

அந்தக் கலம் அந்த வாரம் வரைக்கும்தான் எங்களுக்கு. திங்கக்கிழமை வேற குழு வந்து மொத்தத்தையும் கழட்டிடுவாங்க. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு, நாப்பது வயசுல மறுபடி படிக்க வந்தவளுக்கு இன்னொரு வாய்ப்புன்னு யார் தரப்போறா? கோடு வந்தா பட்டம். வரலைன்னா மூட்டை முடிச்சோட வீடு. வீட்டுல எல்லாரும் எனக்காக எதையெதையோ விட்டுக்கொடுத்திருக்காங்க. என் பொண்ணுக்குத் தலை பின்னி விடறது கூட நாத்தனார்தான். தோத்துட்டேன்னு சொல்லிக்கிட்டு எந்த மூஞ்சியோட அவங்க முன்னாடி போய் நிக்கறது? அந்த பயம்தான் எனக்குக் கோபமா வெளியே வந்துக்கிட்டு இருந்துச்சு.

கலத்துல ஒரு கண்ணாடி ஜன்னல் விரிசல் விட்டு, புதுசு மாட்டியிருந்தோம். அதுல கசிவு இல்லைன்னு உறுதி பண்ணிட்டா ஆரம்பிச்சுடலாம். அதைப் பார்க்கறவர் எங்க ஓட்டை அண்ணன். கசிவு கண்டுபிடிக்கறதே தொழில்ங்கறதால எல்லாரும் அவரை ஓட்டைன்னுதான் கூப்பிடுவாங்க. நான் மட்டும்தான் மரியாதையா அண்ணன்னு சேர்த்துக்குவேன்.

சோதனை சுலபம். லீக் டிடெக்டர்னு சக்கரம் வச்ச ஒரு பெட்டி. அதை ஒரு குழாயால கலத்தோட இணைச்சுடுவோம். வெளியே ஜன்னலைச் சுத்தி ஹீலியத்தை லேசாப் பீச்சுவோம். எங்கேயாவது இடுக்கு இருந்தா ஹீலியம் உள்ளே நுழையும், பெட்டியில எண் ஏறும். காத்துல ஹீலியம் இல்லைங்கற அளவுக்குக் கம்மிங்கறதால, எண் ஏறினா ஓட்டைன்னு அர்த்தம்.

அண்ணன் பீச்சினார். எண் ஏறிச்சு.

போல்ட்டுகளை இறுக்கினோம், மறுபடி பீச்சினோம், மறுபடி ஏறிச்சு. ஜன்னலை விட்டுட்டு அந்தப் பக்க மூலையில பீச்சினார், அங்கேயும் ஏறிச்சு. கொஞ்ச நேரம் இறங்கும், அப்பாடான்னு மூச்சு விடறதுக்குள்ள மறுபடி ஏறும். எங்களுக்கு நல்லாவே தண்ணி காட்டிச்சு.

"ஜன்னலைக் கழட்டிட வேண்டியதுதாம்மா," ன்னார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காம.

கழட்டினா காத்து உள்ளே போயிடும். மறுபடி கலத்தைச் சூடாக்கிச் சுத்தம் பண்ண ரெண்டு வாரம் ஆகும். அதாவது, என் கதை முடிஞ்சுது.

"நீங்க நேத்தே ஒழுங்காப் பார்த்திருந்தா இந்த கதி வருமா?" ன்னு அந்த மனுஷன்கிட்ட எரிஞ்சு விழுந்தேன். பாவம், அவர் ஸ்பானரை என் கையில கொடுத்தார். நான் போல்ட் மேல வச்சேன். சத்தியமாச் சொல்றேன், அப்போ அழுதுடுவேன்னு நினைச்சேன்.

வச்ச கையைத் திருப்பாம பெட்டியைப் பார்த்தேன். எண் ஏறிக்கிட்டு இருந்துச்சு. யாருமே பீச்சலை.

"அண்ணே, சிலிண்டரை மூடினீங்களா?"

"மூடிட்டேனே."

"தூக்கிட்டுப் போய் வெளியே மரத்தடியில வச்சுட்டு வாங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு உருட்டிக்கிட்டுப் போனார். திரும்பி வந்தார். எண் இறங்கிச்சு, நின்னுச்சு, சாவகாசமா மறுபடி ஏறிச்சு.

பௌதிகத்துல நான் முதல்ல கத்துக்கிட்டதும் கடைசி வரைக்கும் நம்பறதும் ஒண்ணுதான். எதுவும் சும்மா முளைச்சு வராது. இங்கே கூடினா வேற எங்கேயோ குறைஞ்சிருக்கணும். எங்க சிலிண்டர் மரத்தடியில நிக்குது. அப்போ இந்த ஹீலியம் வேற யாரோடது?

கலத்துல எல்லா இணைப்பும் உலோகம். ஆனா பெட்டியையும் கலத்தையும் சேர்க்கற குழாய் வாயில ஒரு வளையம் இருக்கு. ரப்பர் வளையம். அறைக் காத்துல ஹீலியம் கூடிப்போனா அது வழியாவே உள்ளே போகும். ரப்பர் அதுக்குச் சுவரே இல்லை, சல்லடை.

காலையில செருப்பு மாட்டிக்கிட்டே நான் சொன்ன அதே வார்த்தை. மத்தியானம் அடிச்சா சாயந்திரம் வரைக்கும் தாங்குமான்னு கேட்டாளே.

"அடிப்பாவி," ன்னேன்.

"யாரு, நானா?" ன்னார் அண்ணன்.

கலத்து வால்வை மூடிட்டு, பெட்டியைக் கழட்டி, மோப்பம் பிடிக்கிற குழலை மாட்டி, வராந்தாவுல தள்ளிக்கிட்டுப் போனோம். நான் குழலை முன்னாடி நீட்டிக்கிட்டு, அவர் எண்ணை வாசிச்சுக்கிட்டு. குளியலறைப் பக்கம் திரும்பினா குறைஞ்சுது. கூட்டம் நடத்தற அறைப் பக்கம் திரும்பினா எகிறிச்சு. அந்தக் கதவுக்குக் கீழே குழலை வச்சதும் பெட்டி அலறவே ஆரம்பிச்சுடுச்சு. கதவைப் படார்னு திறந்தேன்.

கூரை தெரியலை. அவ்வளவு பலூன். நாத்தனார் சிலிண்டர் பக்கத்துல உக்கார்ந்து ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டு இருந்தா. சரியா வராததையெல்லாம் அப்படியே புஸ்ஸுனு காத்துல விட்டுக்கிட்டு இருந்தா. என் வீட்டுக்காரர் நாற்காலி மேல ஏறி நூல் கட்டிக்கிட்டு இருந்தார். மூலையில எங்க பெரிய சார், என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி, சிங்கம் மாதிரி கணீர்னு பேசறவர், கையில சுருங்கின பலூனோட நின்னார்.

"வாம்மா, வா," ன்னார் எலிக்குஞ்சு குரல்ல. கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்திருக்கார்.

ஓட்டை அண்ணன் சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். நான் சிரிக்கலை.

"உங்க எல்லாருக்கும் அறிவிருக்கா? உங்க பலூனால நான் ஜன்னலையே கழட்டப் பார்த்தேன். என் நாலு வருஷமும் போயிருக்கும், தெரியுமா?"

பெரிய சாருக்கு விஷயம் புரிஞ்சு முகம் வெளிறிடுச்சு. "நான்தான் அனுமதி கொடுத்தேன், என் புத்தி எங்கே போச்சு," ன்னு கீச்சுக் குரல்லயே புலம்பினார். அதுக்கு மேல என்னால கோபத்தைப் பிடிச்சு வைக்க முடியலை. நானும் சிரிச்சுட்டேன்.

அறை ஜன்னல், கதவு எல்லாத்தையும் திறந்து விட்டோம். வீட்டுக்காரர் ஆய்வுக்கூட வாசல்ல நின்னு அட்டையால விசிறினார், ஏதோ அடுப்புப் புகையை விரட்டற மாதிரி. எண் மெல்ல இறங்கி, அடியில போய் ஆடாம அசையாம உக்கார்ந்துச்சு. குழாயைத் திரும்ப மாட்டி, ஜன்னலைச் சுத்தி அண்ணன் நிதானமாப் பீச்சினார். எண் அசையவே இல்லை. கசிவு இல்லை, எப்பவுமே இருந்ததில்லை. அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். "போம்மா, போய் வேலையைப் பாரு," ன்னார்.

சாயந்திரம் அணுக்களை விட்டேன். ஒரு தடவை, இன்னொரு தடவை, விட்டுக்கிட்டே இருந்தேன். திரையில புள்ளி புள்ளியா வந்து சேர்ந்து, மேடும் பள்ளமுமா கனமானதுக்கு ஒரு கோடு, லேசானதுக்கு ஒரு கோடு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்க கருவிக்கு எட்டின வரைக்கும் ரெண்டையும் பூமி ஒரே மாதிரிதான் இழுத்திருக்கு. எனக்கு உசிரே அப்போதான் வந்துச்சு.

"ஒரே அணு ரெண்டு பாதையிலயும் போகுமா அண்ணி?" தோள் மேலாக எட்டிப் பார்த்துக்கிட்டு நாத்தனார் கேட்டா.

"போகும்."

"எங்கண்ணனை ஒரு பாதையில ஒழுங்காக் கடைக்கு அனுப்ப முடியலை."

எல்லாரும் கூட்ட அறைக்குப் போனோம். கோபம் வடிஞ்ச கண்ணுக்கு அப்போதான் தெரிஞ்சுது, சுவர்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு பேனர் கட்டியிருந்தாங்க. ஓரமெல்லாம் பூ வேலை. நடுவுல வெறும் வெள்ளை.

"எழுத மறந்துட்டியா?"

நாத்தனார் வீட்டுக்காரரைப் பார்த்தா. அவர் தரையைப் பார்த்தார்.

"மறக்கலை அண்ணி," ன்னா, வழக்கமான கேலி இல்லாம. "கோடு வந்தாலும் பலூன், வரலைன்னாலும் பலூன்னு நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சிருந்தோம். எழுத்தை மட்டும் சாயந்திரம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம்."

எந்த மூஞ்சியோட இவங்க முன்னாடி நிக்கறதுன்னு நான் பயந்துக்கிட்டு இருந்த நேரத்துல இவங்க பலூன் அடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

அவ தூரிகையை மையில தோய்ச்சுக்கிட்டு ஏணியில ஏறினா. "சொல்லுங்க, என்ன எழுதட்டும்?"

"எதுவும் எழுதாதே," ன்னேன். "அப்படியே இருக்கட்டும். வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போகணும்."