ஒர்த்தென்சியாவுக்கு ஓர் அறை

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் குற்ற உணர்ச்சி. கொஞ்சம் கௌரவமான காரணம் கிடைக்குமா என்று இரண்டு நாள் தேடினேன். ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் ஊரில் ஒரு காலி அறையே கிடைக்காது, கௌரவமான காரணமா கிடைக்கப்போகிறது?

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று கடல் அசையாமல்..."

அடித்துவிட்டேன். நான் கடலைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. இத்தனைக்கும் அது என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

அடுத்து இப்படி: "இத்தாலியில் லெச்சேக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அங்கே வாடகைக்கு வீடு விடும் ஒருவன் கடைசி நேரத்தில் வாக்குத் தவறினான். அவன் பெயர்..."

அவனும் இல்லை, ஒருவனும் இல்லை. வாக்குத் தவறியது நான். பெயர் எர்சிலியா, வயது ஐம்பத்தெட்டு. வடக்கே போய்விட்டவர்களின் பத்து வீடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். பதினோராவது வீட்டில் பாதி என்னுடையது. கூட்டுவது, துடைப்பது, விரிப்பு மாற்றுவது, சாவி கொடுப்பது, சாவியைத் தொலைத்தவர்களுக்கு இன்னொரு சாவி கொடுப்பது. குளிர்காலத்தில் வேலை இல்லாதபோது கதை எழுதுவேன். ஆகஸ்டில் எழுதுவது இதுதான் முதல் தடவை, அதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

2

அந்தப் பதினோராவது வீட்டின் மறுபாதி என் பெரியப்பா மகன் ரோமோலோவுடையது. அவன் வடக்கே துரினில் இருக்கிறான். இந்த வருடம் வரவில்லை என்று ஈஸ்டர் அன்று போனில் சொன்னான். நான் நம்பினேன். ஜூன் மாதம் ஒர்த்தென்சியா என்ற பெண்மணி கேட்டபோது ஆகஸ்ட் ஏழாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை அவருக்கு விட்டுவிட்டேன்.

ஏழாம் தேதி காலை போன் அடித்தது.

"எர்சிலியா, பாரி ஊரத் தாண்டிட்டோம். வீட்டுல தண்ணி வருதா?"

"எங்க வர்றீங்க? இந்த வருஷம் வரலைன்னு சொன்னியே!"

"சொன்னேன். அதுக்கு? வருஷா வருஷம்தான் சொல்றேன்."

"நான் வீட்ட வாடகைக்கு விட்டுட்டேன், ரோமோலோ."

"எங்கப்பா கட்டின வீட்டையா?" அவன் குரல் இறங்கியது. "பிள்ளைங்க பின்னாடி தூங்குதுங்க. என்னைக் கத்த வைக்காத."

(இந்த இடத்தில் ரோமோலோவை வில்லனாக்கிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டியும் எனக்கென்று ஒரு டப்பா சாக்லேட் கொண்டுவந்தான்.)

ஒர்த்தென்சியாவைக் கூப்பிட்டேன். அவர் பொத்தென்சாவுக்கு மேலே ஒரு மலை ஊர்க்காரர்.

"வீடு இல்லைங்க," என்றேன். சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை.

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல் கேட்டது. "நான் பஸ்ல ஏறிட்டேனே அம்மா. பஸ் திரும்பாதே."

அவர் கடலுக்கு வரவில்லை. மகள் நீவெஸுக்கு இருபத்தாறு வயது. மார்ச் மாதம் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. உயிர் பிழைத்தாள், ஆனால் விழுங்குவது மறந்துபோயிற்று. எங்கள் ஊர் மறுவாழ்வு மருத்துவமனையில் அதைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள்; அன்று காலைதான் அவளை ஆம்புலன்ஸில் இங்கே மாற்றியிருந்தார்கள். பகல் பன்னிரண்டரைக்கு ஒரு தடவை, மாலை ஆறரைக்கு ஒரு தடவை, மசித்த சாப்பாடு, சின்னக் கரண்டியில். தாயின் கை என்றால்தான் வாயைத் திறக்கிறாள். எடை குறைந்தால் மறுபடியும் மூக்கில் குழாய். ஒர்த்தென்சியாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை வேண்டும். அதைத்தான் நான் கொடுத்துவிட்டுப் பிடுங்கினேன்.

3

தேடினேன். தேடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கன்னியர் மடத்தில் திருவிழா பேண்டு வாத்தியக்காரர்கள் நாற்பது பேர் தங்கியிருந்தார்கள். "இருக்கிறதுல பெரிய டிரம்மு என் கட்டில்ல கெடக்கு, நான் கீழ படுக்கிறேன்," என்றார் தலைமைக் கன்னியர். முடிதிருத்தகத்தின் மாடியில் மிலானோக்காரர்கள். பள்ளி ஆசிரியை தன் வீட்டையே வாடகைக்கு விட்டுவிட்டு, கார் நிறுத்தும் கொட்டகையில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

புகையிலைக் கடை வெனேராந்தா வாய்விட்டுச் சிரித்தாள். "ஆகஸ்ட்ல ரூமா? மாதாவே இப்ப நிறைமாசமா வந்து நின்னாலும் மாட்டுக் கொட்டில்தான். அதையும் ஒரு ஜெர்மன்காரன் புக் பண்ணிட்டான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டுக்கும் நடுவில் அவள் எனக்கு ஒரு காபி கொடுத்தாள்.

4

மருத்துவமனைக்குப் பின்தெருவில் பதினாறு வருடமாக ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. கதவில் இரண்டு பூட்டு. மேல்பூட்டு அண்ணன் கோசிமோவுடையது, கீழ்ப்பூட்டு தங்கை தோனாத்தாவுடையது. தாய் போன பிறகு பாகம் பிரியவில்லை. ஒருவர் இல்லாமல் மற்றவர் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக ஆளுக்கொரு பூட்டு.

(பக்கக் குறிப்பு: இரட்டைப் பூட்டு என் கற்பனை என்று நினைக்கிறீர்கள். இல்லை. எனக்குத் தெரியாதது சண்டைக்கான காரணம்தான். முதல் வரைவில் ஒலிவத் தோப்பு என்று எழுதினேன், மரியாதையாக இருக்கும் என்று. தோனாத்தாவைக் கேட்டால் ஒரு பித்தளைக் கட்டில் என்கிறாள். கோசிமோவைக் கேட்டால் "அவகிட்டயே கேளு" என்கிறான்.)

காலில் விழாத குறையாகக் கெஞ்சி இருவரையும் பன்னிரண்டு மணிக்கு வரவழைத்தேன். ஒர்த்தென்சியா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் பெட்டியோடு அங்கே வந்தார். ஒல்லியான பெண்மணி, என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ மொதல்ல திறக்கட்டும்," என்றான் கோசிமோ, சுவரைப் பார்த்து.

"நான் ஏன் மொதல்ல? தோனாத்தா இறங்கி வந்துட்டான்னு நாளைக்கு ஊரெல்லாம் பேசறதுக்கா?"

"நான் மூத்தவன்."

"மூத்தவருக்குத்தான் மேல்பூட்டு. மேல இருந்து ஆரம்பிங்க!"

"ரெண்டு பேரும் ஒண்ணா திறங்க," என்றேன். "நான் எண்ணுறேன். ஒண்ணு, ரெண்டு..."

இருவரும் சாவியைப் பூட்டில் நுழைத்தார்கள். மூன்று என்றேன். இருவரும் அடுத்தவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி எண்ணினேன். அப்போதும் அப்படித்தான்.

ஒர்த்தென்சியா கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு இருபது. நான் போறேம்மா. அவ வாயத் திறக்கிற நேரம்." பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுக் கிட்டத்தட்ட ஓடினார்.

"யாரு அது? பாவம்," என்றாள் தோனாத்தா.

"பாவந்தான். சாவியத் திருப்பு," என்றான் கோசிமோ.

"நீ திருப்பு."

5

முடிவு அ: பூட்டுகள் ஒரே நொடியில் திறக்கின்றன. அண்ணனும் தங்கையும் பித்தளைக் கட்டிலில் உட்கார்ந்து அழுகிறார்கள், ஒர்த்தென்சியா ஜன்னலைத் திறக்கிறார். ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அவ்வளவு சுலபமாக வந்ததால் கிழித்துப் போட்டேன். இரண்டு பூட்டும் இன்னும் பூட்டியபடியேதான் இருக்கின்றன.

முடிவு ஆ: நீவெஸ் முதல் வார்த்தை பேசுகிறாள். இதையும் எடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு விழுங்குகிற வேலையே தலைக்கு மேல் இருக்கிறது. என் கதைக்காக வேறு அவள் பேச வேண்டுமா?

முடிவு இ: ஊரே கூடி...

ஊரெங்கே கூடியது? ஊர் கடற்கரையில் இருந்தது.

சரி. மூன்றாம் பகுதியிலிருந்தே நீங்கள் ஒன்று கேட்கத் துடிக்கிறீர்கள். உங்கள் கேள்வியை நானே எழுதி நானே இரண்டு தடவை அடித்துவிட்டேன். இனி ஒளிக்க இடமில்லை. உன் வீட்டில் ஓர் அறைகூடவா இல்லை, எர்சிலியா?

இருக்கிறது. சமையலறைக்குப் பின்னால், ஜன்னல் வைத்த அறை. இறந்துபோன கணவரின் அறை என்று எழுதினால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். என் கணவர் தாரந்தோவில் வேறொருத்தியோடு சௌக்கியமாக இருக்கிறார். அந்த அறையில் ஒரு கட்டில், கட்டில் மேல் இஸ்திரி போட வேண்டிய துணி. அவ்வளவுதான். பதினொரு வீடு துடைத்துவிட்டு வருகிறவளுக்குத் தன் வீட்டில் யார் முகத்துக்கும் காலை வணக்கம் சொல்லப் பிடிப்பதில்லை. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ஆனாலும் கேட்டேன். அன்று மாலை மருத்துவமனை வாசலில் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன்.

"எங்க வீட்டுல ஒரு அறை இருக்கு. வேணும்னா வாங்க."

"ஐயோ, வேண்டாம்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சரி," என்றேன்.

எங்கள் பக்கத்தில் முதல் தடவையே சரி என்று யாரும் சொல்வதில்லை. ஒரு காபிக்குக்கூட முதலில் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை கேட்டால் அந்த வேண்டாம் கொஞ்சம் தேய்ந்து வரும். மூன்றாம் தடவை கேட்கக் கூடாது, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட வேண்டும். இது மலைக்காரர்களுக்கும் தெரியும், கடற்கரைக்காரர்களுக்கும் தெரியும். ஒர்த்தென்சியா சொன்னது எந்த வேண்டாம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அவர் இரண்டாம் தடவைக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வீட்டுக்கு நடந்தேன். அப்போது எனக்கு வந்தது வெட்கமில்லை, நிம்மதி.

6

பன்னிரண்டு இரவுகள் அவர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கினார். செவிலியர்கள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள். முகம் கழுவுவது பார்வையாளர் கழிவறையில். பத்தாம் நாள் போய்ப் பார்த்தேன். அவர் கை நடுங்கியது. கரண்டியில் இருந்ததில் பாதி நீவெஸின் கழுத்துத் துணியில் விழுந்தது. அவள் தாயின் கையைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். "இன்னும் அரைக் கிலோ இறங்குச்சுன்னா குழாய்தான்," என்று செவிலி என்னிடம் மெதுவாகச் சொன்னாள், நான் உறவுக்காரி என்று நினைத்து.

இன்று காலை ரோமோலோ குடும்பம் கிளம்பிவிட்டது. அடுத்த வருடம் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். வீட்டைக் கழுவிவிட்டு, நல்ல விரிப்பு போட்டு, போன் செய்தேன்.

"வீடு காலியாயிடுச்சு. இப்பவே வாங்க."

"வேண்டாம்மா. எனக்கு இந்த நாற்காலி பழகிப்போச்சு."

நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அவரும் போனை வைக்கவில்லை. சாப்பாட்டு வண்டியின் சக்கரச் சத்தம் கேட்டது. "வண்டி வந்துருச்சு," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இது எந்த வேண்டாம்? இரண்டாம் தடவை கேள் என்கிற வேண்டாமா, இனி உன் முகத்திலேயே விழிக்க வேண்டாம் என்கிற வேண்டாமா? முன்பெல்லாம் குரலை வைத்தே சொல்லிவிடுவேன், இப்போது தெரியவில்லை. கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். கேட்பதென்றால் நேரில் போய்த்தான் கேட்க வேண்டும், அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று.

மணி இரண்டு. மாலைச் சாப்பாட்டுக்கு நாலரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் ஒரு மனுஷி கட்டிலில் படுத்து எழுந்தால் கை நடுக்கம் கொஞ்சம் நிற்கும். மருத்துவமனைக்கு ஏழு நிமிட நடை, வெயில் கொளுத்துகிறது, எனக்கு முழங்கால் வலி. இங்கேயே உட்கார்ந்து இன்னொரு முடிவு எழுதுவது எவ்வளவோ சுலபம், நன்றாகவும் எழுதுவேன். ஆகவே உங்களிடம் ஒன்றுதான் சொல்ல முடியும். இதற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தால், நான் போகவில்லை.