கட்டில் போல்ட்

கார் சீட்டின் மூன்று போல்ட்டுகள் மரியாதையாகக் கழன்று வந்துவிட்டன. நாலாவதுதான் படுத்தியது. ஈஸ்வரபாண்டி ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினாலும், சலிக்காமல் கூடவே சுற்றியது. ஒரு நூல்கூட மேலே ஏறவில்லை.

"நின்ன எடத்துலயே சுத்துது ஷெரினு. அடியில வெல்டு வச்ச நட்டு விட்டுப்போச்சு. இது சுத்துனா அதுவும் சேந்து சுத்துது" என்றான், காருக்குள் பாதி உடம்பை நுழைத்தபடி.

ஷெரின் டார்ச்சை இன்னும் கிட்டே நீட்டினாள். "அப்ப நாளைக்கு?"

அவன் ஸ்பேனரை மறுபடியும் மாட்டினான்.

அந்தப் பழைய காரை அவர்களுக்கு விற்றவர் ஒரு கருவாட்டு வியாபாரி. பின்னால் மூட்டை ஏற்றுவதற்காக இடது முன் சீட்டை முன்னுக்குத் தள்ளியே வைத்திருந்தவர். உப்பு இறங்கி, சீட் நகரும் தண்டு அப்படியே துருப்பிடித்து இறுகிவிட்டது. சீட்டைக் கழற்றினால்தான் அதை அசைக்க முடியும். அந்த சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் டேஷ்போர்டில் முட்டும். இத்தனை நாளும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஷெரின் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அவளுடைய அப்பா ஞானமுத்துவால் காலை மடக்க முடியாது.

திராட்சைப் பந்தல் கம்பியை இழுத்துக் கட்டும்போது ஏணி சரிந்து, காலில் பிளேட் வைத்து ஆறு மாதமாகிறது. காலை நீட்டியே வைத்திருக்க வேண்டும். விழுந்த செய்தியைக்கூட அண்ணன் பிரவீன் சொல்லித்தான் ஷெரின் தெரிந்துகொண்டாள். ஈஸ்வரபாண்டியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்பா அவளிடம் பேசுவதில்லை. போன வருடம் அம்மா வியாகுலமேரியை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் பக்கத்தில் நின்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்.

அந்த மனிதர் இந்த வாரம் போன் செய்திருந்தார்.

"ஷெரினா? ஞாயித்துக்கெழம அம்மாவுக்கு வருசப் பூசை. ஆட்டோவுல காலு கொள்ளமாட்டேங்குது. ஒங்க கார்ல போயிரலாமா?"

"போயிரலாம்ப்பா."

அவ்வளவுதான் பேச்சு. பிரவீன் டாக்ஸி அனுப்புவதாகச் சொன்னதற்கு, "வேணாம், அவ வருவா" என்றாராம். அந்த ஒரு வார்த்தையை ஷெரின் வாரம் முழுக்க முந்தானையில் முடிந்து வைத்ததுபோல் சுமந்து திரிந்தாள்.

மெக்கானிக் தங்கபாண்டியைக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. சபரிமலை சீசன். மாலை போட்டவர்களின் வேன்கள் குமுளி ரோடு நெடுக நின்றன. "மகரஜோதி முடியிற வரைக்கும் எனக்குப் பொண்டாட்டி பிள்ளையே கெடையாதுண்ணே" என்றுவிட்டான்.

"அடியில ஒருத்தர் நட்டப் பிடிச்சா, மேல நான் சுத்தீருவேன்" என்று குனிந்து பார்த்தான் ஈஸ்வரபாண்டி. காரின் இடது சக்கரங்களை வாசல் சரிவில் ஏற்றி, எல்லாச் சக்கரத்துக்கும் கல் முட்டுக்கொடுத்திருந்தது. அப்படியும் அவனுடைய தொப்பை நுழையும் உயரம் இல்லை.

"தள்ளுங்க. நான் போறேன்."

"நைட்டியோடயா? ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா பேசுற ஒரு வார்த்தையும் நின்னுபோகும்."

"சுடிதார் மாத்திட்டு வாரேன். நக்கல் மட்டும் குறையாது."

கோணிச்சாக்கை விரித்து அவள் அடியில் புகுந்தாள். நட்டைக் கண்டுபிடித்து ஸ்பேனரை மாட்டினாள். "சுத்துங்க!" அவன் சுற்றியதும் ஸ்பேனர் வழுக்கி அவள் விரல் முட்டியை உரித்தது. துரு கண்ணில் கொட்டியது. உப்பு தின்றதில் நட்டின் மூலைகள் தேய்ந்து, அது நாவற்பழம்போல் உருண்டையாகியிருந்தது. பிளையரால் கவ்விப் பார்த்தாள். அதற்கும் பிடி கொடுக்கவில்லை.

ஈஸ்வரபாண்டி யோசித்து, பெரிய ஸ்க்ரூ டிரைவரை போல்ட்டின் தலைக்கு அடியில் சொருகி நெம்பிக்கொண்டே திருப்பினான். இழுப்பில் நட்டு தகரத்தோடு இறுகி நின்றது. போல்ட் கொஞ்சம் எழும்பியது. இருவரும் ஒரே நேரத்தில் "ஆங்!" என்றார்கள். அப்புறம் மறுபடி பழைய சுற்று.

"போதும், வெளிய வா. இரும்பு அறுக்குற ஆக்ஸா பிளேடு நொழையிற சந்து கெடச்சிருச்சு. அறுத்துருவோம். மதுரை ரோட்டுல போய் புது போல்ட்டும் நட்டும் வாங்கிட்டு வந்தா முடிஞ்சது."

"என்னத்தடா வாங்கப் போற?"

குச்சனூரிலிருந்து பஸ் இறங்கி வந்த அவன் அம்மா ராக்கம்மாள், கையில் எள்ளுச்சோற்றுப் பொட்டலத்தோடு நின்றாள். சனிக்கிழமை தவறாமல் மகனுக்காகச் சனீஸ்வரனைப் பார்த்துவிட்டு வருகிறவள்.

"ஒரு போல்ட்டும்மா. இத்துனூண்டு."

"இன்னைக்குச் சனிக்கெழம. இரும்பு வாங்கி இந்த வாசல மிதிக்கக் கூடாது."

ஷெரின் சாக்கின் மேல் எழுந்து உட்கார்ந்தாள். "அத்தை, காலையில ஏழு மணிக்குப் பூசை. உத்தமபாளையம் தாண்டிப் போகணும். அதுக்கு முன்னாடி எந்தக் கடை தெறந்திருக்கும்?"

"மூணு போல்ட்டுல நிக்காதா?"

"நிக்கும்மா" என்றான் மகன். "பிரேக் அடிச்சா ஒன் சம்பந்தி மட்டும் கண்ணாடிக்கு வெளிய போயிருவாரு."

"வாயக் கழுவுடா!"

ஷெரினுக்கு உரிந்த விரல் எரிந்தது. எத்தனையோ சனிக்கிழமைகளில் எதுவும் பேசாமல் இருந்தவள்தான். "எங்க வீட்டுல அப்படிச் சாத்திரம் எதுவும் இல்ல அத்தை. நானே போய் வாங்கிட்டு வாரேன். வர்ற பாவம் எனக்கே வரட்டும்."

ராக்கம்மாள் மருமகளை ஒரு நொடி பார்த்தாள். பொட்டலத்தை ஜன்னல் கட்டையில் வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

"கொஞ்சம் பொறுத்துப் பேசியிருக்கலாம்ல" என்றான் ஈஸ்வரபாண்டி தணிந்த குரலில். "அப்பா சனிக்கெழமதான் மோட்டார் வாங்கிட்டு வந்தாரு. அந்த வாரமே கெணத்துல எறக்கும்போது தவறி விழுந்துட்டாரு. அன்னையிலருந்து அம்மாவுக்கு..."

ஷெரினுக்கு அது தெரியாது. மாமா கிணற்றில் விழுந்து இறந்தார் என்று தெரியும். அது என்ன கிழமை வாங்கிய மோட்டார் என்று யாரும் சொன்னதில்லை.

அவன் பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிச் சந்துக்குள் விட்டு அறுக்கத் தொடங்கினான். கர், கர் என்று இரும்புத்தூள் உதிர்ந்தது. அப்போது வீட்டுக்குள்ளிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து மறுபடியும் 'ணங்'.

"பாத்திரத்தத் தூக்கிப் போடுறாக" என்றாள் ஷெரின். "நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்."

எழுவதற்குள் ராக்கம்மாளே வாசலுக்கு வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. கையை விரித்தாள். உள்ளங்கையில் எண்ணெய்ப் பசையோடு ஒரு போல்ட்டும் நட்டும் வாஷரும்.

"ஏதும்மா இது?"

"என் கட்டில்ல உள்ளது. ஒரு காலு தனியா வந்துருச்சு. செவுத்துல சாச்சு வச்சிருக்கேன்."

"அத்தை..."

"வாங்கத்தான் கூடாது. வீட்டுல கெடக்குற இரும்ப எடுக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?" ராக்கம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தாள். "வேற எதுக்குன்னாலும் போய் வாங்கித் தொலைங்கன்னு விட்டுருவேன் செரினு. ஒடைஞ்ச காலோட ஒரு மனுசன் அதுல ஒக்காரப் போறாக. ஒங்கப்பாவ நம்பி ஏத்தணும்ல ஆத்தா."

தன் அப்பாவைத் தடுக்கிற பேச்சு என்றல்லவா ஷெரின் நினைத்திருந்தாள்.

"கையால கழட்டுனியாம்மா?" ஈஸ்வரபாண்டி போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மிக்குழவியால ரெண்டு தட்டு, அப்பறம் ஒன் ஸ்பேனரு. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை எண்ணெய் விட்டு வச்சிருக்கேன். ஒங்க கருவாட்டு வண்டி மாதிரியா?"

துருப்பிடித்த போல்ட் இரண்டு துண்டாகி விழுந்தது. சீட்டை வெளியே எடுத்து, தண்டைத் தேய்த்து, தட்டித் தட்டிக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினார்கள். கட்டில் போல்ட் கொஞ்சம் நீளம்தான். ஆனால் துளைக்குள் சிக்கென்று உட்கார்ந்தது. ஷெரின் மறுபடி அடியில் புகுந்து நட்டைப் பிடித்தாள். இந்த முறை ஸ்பேனர் வழுக்கவில்லை. டார்ச்சைப் பிடித்திருந்தது ராக்கம்மாள். ஒளி பாதி நேரம் போல்ட்டின் மேலும், மீதி நேரம் மருமகளின் உரிந்த விரல் மேலும் விழுந்தது.

"மஞ்சள் வச்சுக் கட்டு" என்றாள், எல்லாம் முடிந்ததும்.

மறுநாள் விடியும்போது அவர்கள் ஞானமுத்துவின் வீட்டு வாசலில் நின்றார்கள். ராக்கம்மாளும் வந்திருந்தாள். "என் கட்டில் ஆணி போற எடத்துக்கு நான் வராம?" என்று முன் சீட்டுக்குப் பின்னால், இருந்த கொஞ்ச இடத்தில் முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளை வேட்டியில், வாக்கரை ஊன்றி ஞானமுத்து வந்தார். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். முதலில் உட்கார்ந்தார். பிறகு இரண்டு கையாலும் காலைத் தூக்கி மெல்ல உள்ளே வைத்தார். கால் நீண்டது. எங்கும் முட்டவில்லை. முன்னால் இன்னும் ஒரு சாண் இடம் கிடந்தது.

அந்த ஒரு சாணை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீட்ட நீங்களா கழட்டி மாட்டுனீக மாப்ள?"

சாவியைத் திருப்பப் போன ஈஸ்வரபாண்டியின் கை நின்றது. பின்னால் ஷெரின் கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"நான் மேலருந்து சுத்துனதோட சரி மாமா. அடியில படுத்துப் பிடிச்சது ஒங்க மக. போல்ட்டு எங்கம்மா கட்டில்ல உள்ளது."

ஞானமுத்து கழுத்தை முடிந்த மட்டும் பின்னால் திருப்பினார். "அப்ப ராத்திரி நீங்க எங்கன படுத்தீக சம்பந்தியம்மா?"

"தரையிலதான். இதென்ன பெரிய விசயம்? வண்டிய எடுக்கச் சொல்லுங்க, கருவாட்டு வாடை கொடலப் பொரட்டுது."

ஞானமுத்து சிரித்துவிட்டார். அம்மா போன பிறகு அப்பா சிரித்து ஷெரின் பார்த்ததில்லை. அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டார், பின்னால் இருக்கும் சம்பந்தியம்மாவுக்குக் காற்று வரட்டும் என்று.