எல்சாவின் நூற்றறுபது ஏக்கர்

வேரோனிக்காவின் மேன்முறையீட்டு விசாரணை பத்து மணிக்கு. எட்டு மணிக்கே சேலை உடுத்தி, சாப்பாட்டு மேசையில் லாப்டொப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

நிரந்தர வதிவிட அட்டை வைத்திருப்பவர் ஐந்து வருடத்தில் எழுநூற்று முப்பது நாளாவது கனடாவில் இருக்கவேண்டும். மன்னாரில் தமக்கை புற்றுநோயில் கிடந்ததால் வேரோனிக்கா மூன்றரை வருடம் அங்கேயே நின்றுவிட்டாள். இன்று அதிகாரி மனம் வைக்காவிட்டால் அட்டை போய்விடும். மகள் நடாஷாவைப் பார்க்கவும் இனி விசா கேட்டுத்தான் வரவேண்டும்.

இந்தப் பயத்தின் நடுவே அவளுக்கு ஒரு கூட்டாளி கிடைத்திருந்தாள். ஆள் செத்து நூறு வருடமாகிறது. நடாஷா பல்கலைக்கழகத்தில் அமெரிக்க மேற்கின் குடியேற்றத்தை ஆராய்கிறாள். அவளுடைய பழைய கோப்பு ஒன்றில் இருந்த நெப்ராஸ்கா விதவை எல்சாதான் அந்தக் கூட்டாளி. பவுனி என்ற பழங்குடி மக்களைத் துரத்திவிட்டு அரசாங்கம் பங்குபோட்ட நிலத்தில் எல்சாவுக்கு நூற்றறுபது ஏக்கர். ஐந்து வருடம் குடியிருந்தால் காணி உறுதிப் பத்திரம் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு மேல் விட்டுப்போனால் காணி கைநழுவும். நோயாளித் தங்கையைப் பார்க்கப் போன எல்சா ஒமாஹா நகரில் எட்டு மாதம் நின்றுவிட்டாள். பக்கத்துக் காணிக்காரன் சும்மா இருப்பானா? வழக்கு வைத்துவிட்டான். கோப்பை நடாஷா தினமும் கொஞ்சமாக வாசித்துச் சொல்லிவந்தாள்.

“உவள் எல்சாவின்ரை வழக்கு என்ன மாதிரி?” என்று கேட்காமல் வேரோனிக்கா தேத்தண்ணி குடிப்பதில்லை. நேற்றுத்தான் நடாஷா சொன்னாள்: “வெண்டிட்டா அம்மா.” கன நாளைக்குப் பிறகு வேரோனிக்கா வயிறாரச் சாப்பிட்டாள்.

திரையில் வந்த அதிகாரி கேட்டார்: இடையில் ஒருதரம்கூடத் திரும்பி வராதது ஏன்? சட்டத்தரணி சொல்லிக்கொடுத்த பதில் பதின்மூன்று வரி. அத்தனையும் அவளுக்கு மறந்துபோனது.

“சாகக் கிடக்கிற ஆளை விட்டிட்டு ஆர் ஐயா நாள் எண்ணுவினம்?” என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் அதிகாரி கொஞ்ச நேரம் எதையோ எழுதினார். பிறகு, மேன்முறையீட்டை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார்.

வேரோனிக்கா அழுதாள், சிரித்தாள், மாதாவைக் கூப்பிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மூச்சு முழுதாக வந்தது.

லாப்டொப்புக்குப் பின்னால் நின்ற நடாஷா மட்டும் தலை குனிந்தாள். “சொறி அம்மா. எல்சா வெல்லேல்லை. காணியை அந்தப் பக்கத்துக் காணிக்காரனுக்கே குடுத்திட்டாங்கள். நீங்கள் பயப்பிடுவீங்கள் எண்டுதான் பொய் சொன்னனான்.”

வேரோனிக்கா கண்ணைத் துடைத்தாள். மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள்.

“பாவம் அவள்,” என்றாள். “பக்கத்திலை இருந்து பொய் சொல்ல அவளுக்கொரு பிள்ளை இல்லை.”